விடாமலும் முட்டாமலும்

மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் பிசகி விழுந்ததில் சூடாமணிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டது. மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் பயம் மட்டும் போகவில்லை. தெருவில் காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். பால் வாங்கப் போவதற்குக்கூடத் துணை தேடினாள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்து, வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் வாய்ப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கும் அளவுக்குப் பேர் வாங்கியவள் அவள். இப்படி ஆகிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கணவர் அனந்தராமன்தான் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு நாட்டியப் பள்ளியின் மாடி காலை வேளையில் சும்மா கிடக்கிறது, அங்கே ஒரு பெண் தாய்ச்சி என்கிற சீனப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள், வயதானவர்களுக்கு நல்லதாம் என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று சூடாமணி கேட்டதற்கு, பார்க்கில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் பெயர் ரூஹி. ராயப்பேட்டைக்காரி. பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு சீனரிடம் கற்றுக்கொண்டவள். முதல் நாள் அவள் சூடாமணியை வரவேற்று, ஹாலின் நடுவில் நிறுத்தி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி, பெரிய அண்டா ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பது போலக் கைகளை வட்டமாகப் பிடிக்கச் சொன்னாள். அவ்வளவுதான். அப்புறம் எதுவுமே சொல்லவில்லை. சூடாமணி நின்றாள். தொடை நடுங்கியது. கழுத்து வலித்தது. கீழே தெருவில் பழைய பேப்பர்காரர் இரண்டாவது முறையாகக் கூவிக்கொண்டு போனார்.

ரூஹி வந்து அவள் தோளை விரலால் லேசாகத் தொட்டாள்.

"இங்க யாரைத் தூக்கிவெச்சிட்டிருக்கீங்க ஆண்ட்டி? இறக்கி விடுங்க."

இறக்கியபோதுதான் தெரிந்தது, தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தது என்று.

நின்றுகொண்டே இருந்தால் எதற்கு உதவும், இது உடற்பயிற்சியா தண்டனையா என்று சூடாமணி கேட்டாள். இது சண்டை என்றாள் ரூஹி. மெதுவாகச் செய்வதால் அப்படித் தெரியவில்லையே தவிர, ஒவ்வோர் அசைவும் ஒரு குத்தோ தடுப்போதான். தன் மாஸ்டர் தன்னை மாதக்கணக்கில் இப்படியே நிறுத்திவைத்ததையும், பொறுமை போய்த் தான் அவரோடு சண்டைக்குப் போனதையும் சொன்னாள். அப்போது அவர் சொன்னாராம்: ஒருவன் உன்னைத் தள்ள வந்தால் உனக்கு இரண்டே வழிதான் தோன்றும், அவனை முட்டுவது, இல்லையென்றால் ஓடுவது. இரண்டுமே பயத்தில் வருவது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. காலூன்றி நிற்கத் தெரியாதவளுக்கு அதைச் சொன்னாலும் புரியாது.

சூடாமணிக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் அடுத்து வந்த பாடம் பிடித்துப்போயிற்று. எடை முழுவதையும் ஒரு காலில் ஊற்ற வேண்டும்; அப்போது மற்றக் கால் காலியாகிவிடும்; காலியான கால்தான் நகர முடியும். இரண்டிலும் பாதிப் பாதி வைத்துக்கொண்டு அவசரப்படுகிறவர்கள்தான் இடறி விழுகிறார்கள். சுத்தமான கணக்கு. ஆர்.கே. மடம் சாலையில் காய் வாங்கப் போகும்போது அவள் அதைச் செய்து பார்த்தாள். ஊற்று, காலி செய், நகர். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்தான். அவள் சுவரைத் தேடவில்லை.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு காலை, ரூஹி எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். இனி ஜோடிப் பயிற்சி என்றாள். வேறிடத்தில் நடக்கிற மாலை வகுப்பிலிருந்து ஒருவர் காலைக்கு மாறி வந்திருக்கிறார், உங்கள் உயரம்தான், அவரோடு செய்யுங்கள் என்று சூடாமணியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

எதிரில் நின்றது நோரா.

நோராவும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், ஆங்கில டீச்சர். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். ஸ்டாஃப் ரூமில் இருவர் மேஜையும் ஒட்டினாற்போல் இருக்கும். சூடாமணியின் தயிர்சாதத்தில் பாதி நோராவுக்கு, கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டையில்லாமல் தனியாகச் செய்தது சூடாமணிக்கு என்று இருந்த சிநேகிதம். சூடாமணியின் மகள் ஹம்சினியும் நோராவின் மகன் ஷெல்டனும் அந்த இரண்டு வீடுகளிலும் ஓடியாடி வளர்ந்தவர்கள். வளர்ந்து ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அது நோராவுக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். சூடாமணிக்குத் தெரிய வந்ததோ, ஹம்சினி ரெஜிஸ்டர் ஆபீஸில் தேதி குறித்துவிட்டு வந்து நின்ற அன்றைக்கு.

மகளிடம் அழுதாள், கோபித்தாள், பிறகு சமாதானமும் ஆகிவிட்டாள். பிள்ளைகள் புனேயில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பேரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நோராவிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டக்கூட இல்லை. மறுநாளே மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அத்தோடு சரி. இருவரும் ஓய்வு பெற்று, சம்பந்திகளாகவும் ஆகி, வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது ரூஹி இருவர் வலது கையையும் எடுத்து, மணிக்கட்டின் புறம் ஒன்றோடொன்று படும்படி வைத்தாள். ஒருவர் மெதுவாக மற்றவர் நெஞ்சைப் பார்த்துத் தள்ள வேண்டும். மற்றவர் தடுக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பி அந்தத் தள்ளலை ஓரமாக வழிய விட்டு, பிறகு தான் தள்ள வேண்டும். கைகள் இரண்டும் ஆட்டுக்கல் போல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வட்டம் சுற்றவில்லை. சூடாமணியின் கை கம்பியாக விறைத்து நின்றது. நோராவின் கை ஒவ்வொரு தடவையும் பட்டதும் சுட்டதுபோலப் பின்னால் போயிற்று. பத்துப் பேர் நடுவில் முடியாது என்று சொல்ல இருவருக்குமே கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ரூஹி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

"சூடாமணி ஆண்ட்டி, நீங்க முட்டுறீங்க. நோரா ஆண்ட்டி, நீங்க விட்டுட்டு ஓடுறீங்க. முட்டினா உங்க பலம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ஓடினா ஒண்ணுமே தெரியாது. விடவும் கூடாது, முட்டவும் கூடாது. தொட்டுட்டே இருங்க. எதிர்ல இருக்கறவங்க எங்க போறாங்கன்னு தோலாலயே கேளுங்க."

இதுதான் அந்த மூன்றாவது வழியாக்கும் என்று சூடாமணி நினைத்தாள். அன்றைக்கு அது அவளுக்கு மகா அபத்தமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவரிடம் பொரிந்தாள். யாரைப் பார்த்தேன் தெரியுமா என்று அவள் தொடங்க, அனந்தராமன் ஆச்சரியப்பட மறந்துவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். நோராவின் கணவர் பிலிப்போடு தான் தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடப்பதாகவும், நடப்பதை ஒருநாளும் நிறுத்தியதே இல்லை என்றும், வகுப்பைப் பற்றிச் சொன்னதே பிலிப்தான் என்றும், அவர் நோராவைக் காலைக்கு மாறச் சொன்னது மட்டும் சாயங்காலப் போக்குவரத்தை முன்னிட்டு என்றும் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னாடி பேசிண்டு இருந்தேளா?"

"நீ கேக்கவே இல்லையே, சூடா."

அவள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் அதற்குக் கோபிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நேரத்துக்குக் காபி கலந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் பதில் சொல்லாவிட்டாலும் மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று, மாடிக் குழாய் சொட்டுகிறது என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவள் கோபத்தின் நடுவில் திடீரென்று ஒன்றைக் கவனித்தாள். இந்த மனுஷர் கல்யாணம் ஆன நாளிலிருந்து தன்னிடம் முட்டியதும் இல்லை, விட்டுப் போனதும் இல்லை. பினாங்குக்குப் போகாமலே எங்கே கற்றுக்கொண்டார் இதை? சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தெரியக் கூடாதென்று சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள்.

இரண்டு வகுப்புகளை மட்டம் போட்டாள். அதற்குமேல் முடியவில்லை; காலையில் எழுந்ததும் கால்கள் நிற்கக் கேட்டன. போனாள். நோராவும் வந்திருந்தாள். இருவரும் பேசாமலேயே எதிரெதிரே நின்று மணிக்கட்டை வைத்துக்கொண்டார்கள்.

வாரங்கள் போயின. பேச்சு இல்லையே தவிர, கைகள் மெல்ல மெல்லப் பழகின. நோரா தள்ளுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்பாள் என்று சூடாமணியின் கைக்குத் தெரிந்தது. இடது பக்கம் கொண்டுபோனால் தடுமாறுவாள், வலது பக்கம் தாராளமாக வருவாள். கரும்பலகையில் நோரா எழுதும்போது கை எப்படி நீந்திக்கொண்டு போகுமோ அதே வீச்சு. ஒரு நாள் அந்த வீச்சில் சூடாமணி இடுப்பைத் திருப்பிய விதம் அத்தனை பொருத்தமாக அமைந்து, இருவர் கையும் தானாகவே சுற்றியது. யார் தள்ளினார்கள், யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. நோராவின் உதட்டோரம் லேசாக வளைந்தது. சூடாமணி சட்டென்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ரூஹி கையை மாற்றி இடது கையால் செய்யச் சொன்னாள். அப்போதுதான் சூடாமணிக்கு அது தட்டுப்பட்டது. நோராவின் இடது கை வழுக்கிக்கொண்டு வரவில்லை. கொஞ்சம் வந்து, நின்று, மறுபடி கொஞ்சம் வந்து, விட்டுவிட்டு நகர்ந்தது. முதலில் வேண்டுமென்றே எதிர்க்கிறாள் என்று நினைத்தாள். ஆனால் எதிர்ப்பு அப்படி இருக்காது. எதிர்ப்பென்றால் என்னவென்று தன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நோரா முகத்தில் பிடிவாதம் இல்லை. கையில் மட்டும் ஏதோ கடிபட்டுக் கடிபட்டுச் சுற்றியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும்போது சூடாமணி படியிலேயே நின்றாள். பின்னால் வந்த நோராவும் நிற்க வேண்டியதாயிற்று.

"நோரா, உன் இடது கைக்கு என்ன?"

இத்தனை வருஷம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நோரா ஒரு கணம் அவளையே பார்த்தாள். தோள்பட்டை பிடித்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார், மாத்திரை சாப்பிடுகிறேன், அதற்காகத்தான் இந்த வகுப்புக்கே வந்தேன் என்றாள்.

"தோள்பட்டைன்னா தோள்ல பிடிக்கணும். உனக்கு மணிக்கட்டுல பிடிக்கறது. பல்சக்கரம் மாதிரி கடக் கடக்குன்னு வருது. நான் தினமும் தொட்டுப் பாக்கறேனே."

நோரா படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பிறகு, கொஞ்ச நாளாக ரவிக்கைக் கொக்கி போட வரவில்லை, பிலிப்தான் போட்டுவிடுகிறார், யாருக்கும் சொல்லாதே என்று சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

அந்த வாரமே இருவரும் ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார்கள். பிலிப் வருகிறேன் என்றதற்கு, சூடாமணி வருகிறாள், போதும் என்று நோரா சொல்லிவிட்டாளாம். டாக்டர் நோராவை எழுந்து நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு அவள் முழங்கையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வட்டமாகச் சுற்றினார். சூடாமணி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டாள். மாடி ஹாலில் தினம் தினம் தான் சுற்றிய அதே வட்டம். டாக்டரின் முகம் எந்த இடத்தில் மாறும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்த இடத்தில் மாறியது.

பார்க்கின்சன், நடுக்குவாதம் என்றார். ஆரம்ப நிலைதான், மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், தாய்ச்சியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள் என்றார்.

திரும்பும்போது அடையாறு பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. டிரைவர் கண்ணாடியில் இருவரையும் பார்த்துவிட்டு, "டிராபிக் பேஜாரா கீதும்மா, அவசரமா?" என்றார். அவசரமில்லை என்று சூடாமணி சொன்னாள். நோரா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, ஷெல்டனிடம் சொல்லாதே என்றாள். ஹம்சினியிடமும் சொல்லாதே. நானே சொல்கிறேன், எப்போது என்று தெரியாது, ஆனால் நானேதான். சூடாமணி சரி என்றாள்.

சரி என்பது எவ்வளவு பெரிய சுமை என்று ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. ஹம்சினி போனில் கூப்பிட்டாள். அம்மாவும் மாமியாரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள் என்று அப்பா சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே குஷி.

"அத்தை எப்படிம்மா இருக்கா?"

"நன்னா இருக்கா" என்றாள் சூடாமணி.

போனை வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய் நின்றாள். காலூன்றி, முழங்காலை மடக்கி, அண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெற்ற பெண்ணிடம் பொய் சொல்லியாயிற்று. அவள் நாளைக்கு இதைத் தெரிந்துகொண்டு, என்னிடம் எப்படி மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? உன்னைவிட அவள் முக்கியம் என்றா மறைத்தேன்? இல்லையே. ஒருத்தி நம்பிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், கீழே போட முடியவில்லை, அவ்வளவுதானே. தொடை நடுங்க நடுங்க அவள் அங்கேயே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாய் வரைக்கும் வந்தது. கையை இறக்கித் துடைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் கைகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சுற்றுவதை நிறுத்தாமல், கேட்டாள்.

"ஒரு வருஷம் எப்படி நோரா உள்ள வெச்சுண்டு இருந்தே?"

நோராவுக்கு எதைக் கேட்கிறாள் என்று உடனே புரிந்தது.

"எங்க வெச்சுக்கிட்டிருந்தேன்? தினமும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் ஸ்டாஃப் ரூமுக்கு வருவேன். நீ டப்பாவைத் திறந்து என் பங்கை எடுத்து வைப்பே. அதோட வாய் அடைச்சுடும்." கொஞ்சம் நிறுத்தி, "நீ கத்துவேன்னு நினைச்சேன் சூடாமணி. பதில்கூட யோசிச்சு வெச்சிருந்தேன். நீ மேஜையைத் தள்ளிப் போட்டுட்டே."

"கத்தினா அழுதுடுவேனோன்னு பயம். பசங்க எதிர்ல அழுத டீச்சர்னு பேர் வாங்கணுமா?"

நோராவின் கை தள்ளியது. சூடாமணி இடுப்பைத் திருப்பி அதை வாங்கிக்கொண்டாள். பக்கத்து ஜோடி இவர்களைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிட்டது. ரூஹி தூரத்திலிருந்தே கைகாட்டி, அந்த ஜோடியைத் தங்கள் வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

பிள்ளைகளிடம் சொல்லிவிடு என்று நோராவை நெருக்க வேண்டும் போல சூடாமணிக்கு நாக்கு துடித்தது. அடுத்த ஞாயிறும் வரும், ஹம்சினி மறுபடி கேட்பாள். இன்னொரு பக்கம், எனக்கென்ன, அவள் பாடு அவள் பிள்ளை பாடு என்று ஒதுங்கிவிடலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் நோராவோடு லஸ் வரைக்கும் நடந்தாள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா என்று கேட்டாள். நோரா பேசினால் கேட்டாள், பேசாவிட்டால் கூடவே நடந்தாள். அப்படி நடப்பது தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பிலிப்பிடமிருந்து போன் வந்தது. நோரா உங்கள் இருவரையும் வரச் சொல்கிறாள், பிள்ளைகளை வீடியோவில் கூப்பிடப் போகிறாள் என்றார். சாந்தோம் வீட்டுக்குள் சூடாமணி நுழைந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சோபா உறை மாறியிருந்தது. ஜன்னல் வழியே வருகிற கடல் காற்று மாறவில்லை. நோரா நல்ல புடவை கட்டி, போனை மேஜையில் ஒரு பைபிளின் மேல் சாய்த்து வைத்து, பரீட்சை எழுதப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். சூடாமணி அவள் இடது பக்கம் போய் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே அவள் மணிக்கட்டின் அடியில் தன் மணிக்கட்டை வைத்தாள்.

திரையில் ஷெல்டனும் ஹம்சினியும் வந்தார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே சோபாவில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் ஹம்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். நோரா சுற்றி வளைக்காமல் சொன்னாள். என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை எப்படி இருக்கிறது, எல்லாம். அவள் குரல் நடுங்கவில்லை. கை மட்டும் நடுங்கியது. அந்த நடுக்கம் முழுவதும் சூடாமணியின் கைக்குள் இறங்கியது. அவள் அதை அழுத்திப் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. அது வரும்போது வர விட்டு, போகும்போது கூடவே போனாள்.

ஷெல்டன் அழுதான். உடனே கிளம்பி வருகிறேன் என்றான். எப்போது தெரிந்தது, ஏன் சொல்லவில்லை என்று அவன் படபடத்தபோது ஹம்சினி அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா? அன்னிக்கு நன்னா இருக்கான்னியே."

"தெரியும்" என்றாள் சூடாமணி. "அவ சொல்லாதேன்னா. அவ சொல்ல வேண்டியது, ஹம்சினி. நான் எப்படிச் சொல்லுவேன்?"

அந்தப் பக்கம் ஹம்சினி புரிந்ததுபோலத் தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம் நோராவின் தலை மெல்லச் சாய்ந்து சூடாமணியின் தோளில் வந்து தங்கியது. அனந்தராமனும் பிலிப்பும் வாசல் பக்கம் போய், கிரிக்கெட்டைப் பற்றி அவசியமில்லாத சத்தத்தோடு பேசத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டு வந்தார்கள். மாத்திரைக்கு நோராவின் கை நன்றாகவே இளகியது. முழுசாக இல்லாவிட்டாலும் கொக்கியை அவளே போட்டுக்கொள்ளும் அளவுக்கு. ஹம்சினி ஒரு காலை வகுப்புக்குக் கூடவே வந்து, சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அத்தையும் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சண்டை போடுகிறீர்களா விளையாடுகிறீர்களா என்று அவள் கேட்டதற்கு இருவருமே திரும்பவில்லை.

"இடுப்பைத் திருப்பு நோரா, கையால மட்டும் தள்ளாதே" என்றாள் சூடாமணி.

"பண்ணிண்டுதான் இருக்கேன் டீச்சர்" என்றாள் நோரா, சூடாமணியின் பேச்சு வழக்கை அப்படியே பிடித்து.